இரண்டு மில்லிமீட்டர்

மனாமாவின் இந்தப் பகுதி
முன்பு கடல்.
இரண்டு மீட்டர் தோண்டினால் போதும்,
உப்புத் தண்ணீர் வந்து
யார் நீ என்று கேட்கும்.

பக்கத்து மனையில் கார்கள் உறங்க
ஐந்து அடுக்கு கீழே போகப்போகிறார்கள்.
இந்தப் பக்கம்
எழுபத்தெட்டில் எழும்பிய நான்கு மாடி.
அஸ்திவாரம் என்று சொல்ல
ஒரு முழம் கான்கிரீட்,
மிச்சம் கட்டியவரின் தைரியம்.

பள்ளம் பறித்தால்
அடியிலிருக்கும் மணல் பள்ளத்தைப் பார்த்து நகரும்.
துரோகமில்லை, சுபாவம்.
ஆகவே தோண்டுமுன்
அந்த மணலைக் கல்லாக்க வேண்டும்,
இருந்த இடத்திலேயே,
மேலே ஆட்கள் தூங்கும்போதே.

துளைப்பவன் டில்பகதூர்.
குழாயை இறக்கி, சுழற்றி, மெல்ல மேலே இழுப்பான்.
நானூறு பார் அழுத்தத்தில் சிமெண்டுப்பால்
மணலைக் கிழித்துக் கலந்து தூணாகும்.
ஒன்று விட்டு ஒன்று.
ஈரத் தூணுக்குப் பக்கத்தில் ஈரத் தூண் கூடாது.

நான் துளைப்பதில்லை. பார்க்கிறேன்.
சுவரில் பதினெட்டுக் குறிகள் ஒட்டியிருக்கிறேன்,
பழைய விரிசல் மூன்றின் குறுக்கே
பசையிட்ட கண்ணாடிச் சில்லு.
சில்லு உடையாதவரை
எல்லோரும் என்னை மறந்திருக்கலாம்.

இரண்டாம் மாடி மெற்றில்டா மறக்கவில்லை.
பிரசவ வார்டு நர்ஸ்.
டியூட்டிக்குப் போகும்போது கேட்பார்:
"விழுமா?"
இரண்டு மில்லிமீட்டர் இறங்கினாலே
வேலையை நிறுத்துவோம் அக்கா என்றேன்.
சிரித்தார்.
"எங்க வார்டுல பத்து சென்டிமீட்டர் வரைக்கும்
பொறுமையா இருப்போம் தம்பி."

பதினான்காம் தூண்.
ஆகஸ்ட், இரவு இரண்டு நாற்பது,
கைப்பிடிச் சுவர்கூட வியர்த்திருந்தது.
மேலே ஜன்னலில் டார்ச் ஆடியது.
டியூட்டி இல்லாத இரவு, நைட்டியோடு எட்டிப் பார்த்து
"பாத்ரூம் கதவு திறக்கலை, பிள்ளை உள்ளே!"

ஓடிப்போய்க் கருவியில் கண் வைத்தேன்.
மூன்று.
முன்னால் கழித்தல் குறி இல்லை.
திரும்பவும் பார்த்தேன். இல்லை.
இறங்குமென்று மூன்று வாரம் காவல் இருந்தோம்,
கட்டடம் எழுந்து நிற்கிறது.

நான் கத்துமுன்பே
பம்பை நிறுத்தியிருந்தான் டில்பகதூர்.
துளைவாயைக் காட்டினான்:
உள்ளே போனது போய்க்கொண்டிருக்க
வெளியே வரவேண்டிய சாம்பல் சேறு
எப்போதோ நின்றுபோயிருக்கிறது.
போக வழியில்லாத அழுத்தம்
நான்கு மாடியை,
பதினாறு குடித்தனத்தை,
கீழே பூட்டிய தையல்கடையை
முதுகில் ஏற்றிக்கொண்டது.

குழாயை உருவி, வாயைக் குடைந்தோம்.
சேறு குபுக்கென்று பொங்கி
என் செருப்பை மூடியது.
அவ்வளவு சந்தோஷமாக
நான் எந்தச் சேற்றையும் பார்த்ததில்லை.

இரண்டரை. இரண்டு. ஒன்று எட்டு.
நான்கு பத்துக்கு
கதவு தானாகவே விட்டுக்கொடுத்தது.
ஒன்பது வயசு. அழவில்லை.
படிக்கட்டில் நின்று கேட்டான்:
"எங்க வீட்டை நீங்கதான் தூக்கினீங்களா?"

ஆமாம் என்றேன்.
ஒரு காசு கனம்.

அதற்குப் பிறகு அழுத்தத்தைக் குறைத்தோம்,
நாளுக்கு மூன்று தூணுக்கு மேல் போடவில்லை.
ஜனவரியில் பள்ளம் இறங்கியபோது
நாங்கள் செய்தது வெளிச்சத்துக்கு வந்தது.
அழகில்லை.
புடைத்தும் சிறுத்தும், தோளோடு தோள்,
மேனியெங்கும் கிளிஞ்சல் பதிந்து,
யாரும் பார்ப்பதற்காக உண்டானவை அல்ல.
உச்சியில் அந்தக் கட்டடம்,
கொடியில் மெற்றில்டாவின் வெள்ளை யூனிஃபார்ம்.

ஏப்ரலில் குறிகளைப் பிய்த்தெடுத்தேன்.
ஒவ்வொன்றோடும்
உள்ளங்கை அகலம் பெயிண்ட் உரிந்து வந்தது.
பதினெட்டு இடம்.

சேதம் என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதியிருந்தேன் ஏற்கெனவே.
அடித்துவிட்டு
பெயிண்ட் கடைக்குப் போனேன்.
அந்த மஞ்சளை
இப்போது யாரும் செய்வதில்லையாம்.